கார்டன் டேவிஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆள் இல்ல
தம்பி, எம்ஐஎஸ், அதான் மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் சப்ஜெக்டை 90கள்ல ஐடி பூம் வந்தப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்கதான் ஆரம்பிச்சாங்கன்னு போட்டிருக்க, தப்புப்பா. இந்த சப்ஜெக்டுக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ஒருத்தரான கார்டன் டேவிஸ் அடிப்படையில அக்கவுண்டிங் ஆளு, ஸ்டான்ஃபோர்டுல பிஎச்டி முடிச்சிட்டு 1961ல அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டில சேந்தவரு, அங்க 1960கள் கடைசியிலயே கேரி டிக்சன் மாதிரி ஆளுங்களோட சேந்து எம்ஐஎஸ்க்குன்னே தனி புரோகிராம் கொண்டாந்துட்டாரு, 1974ல அவரோட டெக்ஸ்ட்புக்கே வந்துடுச்சு, நீ சொல்ற பூமுக்கு எவ்ளோ முன்னாடி பாரு. மிஷின் எப்படி ஓடுதுங்கிறதை விட, மேனேஜர் கைக்கு எந்தத் தகவல் எப்போ போய்ச் சேரணும்ங்கிறதுதான் இந்த சப்ஜெக்டே. நம்ம நெல்லிக்குப்பம் பக்கம் மில்லுக்கு வர்ற கரும்பு லோடையே எடுத்துக்கோயேன், எடை போட்டு பதியறது ஒரு வேலை, அதை வெச்சு நாளைக்கு யாருக்கு கட்டிங் ஆர்டர், அதாவது கரும்பு வெட்ட உத்தரவு, குடுக்கலாம்னு முடிவு பண்றது வேற வேலை. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாத.