ஒரே இரவில் இரண்டு ஊரில் தூங்கிய எள்ளுத்தாத்தா

சின்ன மாமனாரின் எண்பதாவது பிறந்தநாள் விருந்தில் நடந்ததை ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட்டேன். என் கணவர் குடும்பம் இங்கிலாந்துக் குடும்பம்; அவர்கள் மாட்டியிருந்த வம்சப் படத்தில் மூதாதை ஒருவர் தவறான ஆள் என்று சொன்னேன், அது சபைக்குப் போய்ச் சிரிப்பாகிவிட்டது. மறுபடியும் முழுதாக விவரிக்கப் போவதில்லை. அந்தப் பதிவின் கீழே குவிந்த அறிவுரைகளுக்குப் பதில்தான் இது. "வயதானவர், விட்டுவிடக் கூடாதா?" "வெள்ளைக்காரர் வம்சத்தில் உனக்கென்ன வேலை?" "எல்லாம் தெரிந்த மருமகள்." இந்த மூன்றாவதை எழுதியவர் என் சொந்தப் பெரியப்பா மகன். நன்றி அண்ணா.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்தக் கொடிவழிப் படத்தில், என் கணவரின் எள்ளுத்தாத்தா இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் நிலபுலன்களோடு வாழ்ந்த ஒரு பண்ணையார் வீட்டுப் பிள்ளை. நான் முதலில் சொன்னது ஒன்றுதான்: அந்தப் பண்ணையார் பிள்ளை நம் எள்ளுத்தாத்தா இல்லை. அதையும் சபையில் சொல்லவில்லை, சின்ன மாமனாரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். சபைக்குக் கொண்டுபோனவர் அவர்.

1871 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதுதான் அந்த ஆண்டு சென்சஸ், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எங்கள் எள்ளுத்தாத்தா அன்று லங்காஷயர் மாவட்டத்துப் போல்டனில் மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் இருக்கிறார். வயது 30, தொழில் பருத்தி நூற்பு, பிறந்த ஊரும் போல்டன். அதே பெயர், அதே வயதுள்ள பண்ணையார் பிள்ளை அதே இரவில் ஷ்ராப்ஷயரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. பிறந்த ஊர் ஷ்ராப்ஷயர். சென்சஸ் ஏட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரியும் விஷயம் இது. ரயிலேறிப் போய் இரண்டு வீட்டிலும் ஒருவரே எண்ணப்பட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு இடத்தில் பதிவானவர்கள் உண்டுதான். ஆனால் ஓரிடத்தில் மூன்று பிள்ளைகளின் தகப்பனாகவும் இன்னோரிடத்தில் பிரம்மச்சாரியாகவும் இருக்க எங்கள் எள்ளுத்தாத்தா முருகப்பெருமான் இல்லை.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? சந்தா கட்டும் இணையதளம் ஒன்று "இவர் உங்கள் மூதாதையாக இருக்கலாம்" என்று பரிந்துரைத்தது. சின்ன மாமனார் சொடுக்கினார். அந்தப் பண்ணையாருக்கு வேறு யாரோ ஏற்கெனவே கட்டி வைத்திருந்த வம்சம் முழுதும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே மாலையில் பதினேழாம் நூற்றாண்டு. லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் முதுகு ஒடியத் தேடுகிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் போலும். அந்தக் குடும்பப்பெயரோ, லங்காஷயரில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும் பெயர். பெயர் பொருந்தினால் போதாது. பிறந்த ஊர், தொழில், கூட இருந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வரை பொருந்த வேண்டும். அதற்குப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

"சென்சஸிலேயே ஆயிரம் தப்பு இருக்கிறது" என்றார் சின்ன மாமனார். இருக்கிறது. யார் இல்லை என்றது? 1801 முதல் 1831 வரை பெரும்பாலும் தலைகளைத்தான் எண்ணினார்கள். ஆள் பெயர் நாடெங்கும் கிடைப்பது 1841 முதல்தான். அந்த ஆண்டும் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். வீட்டுத் தலைவருக்கு யார் என்ன உறவு என்ற கேள்வியே இல்லை. உறவும் பிறந்த ஊரும் 1851இல்தான் வருகின்றன. அப்போதும் 1901 வரை இங்கிலாந்தில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பாளர் பார்த்து எழுதிய பிரதி. வீட்டார் நிரப்பிய தாள்களை அழித்துவிட்டார்கள். ஆகவே காது கேட்டபடி எழுதிய பெயர், இரண்டு வயது குறைத்துச் சொன்ன அத்தை, பேரனைப் பிள்ளை என்று சொல்லி மகளின் மானம் காத்த பாட்டி எல்லாம் உண்டு. இவையெல்லாம் எப்படி வந்தன என்று விளங்கும் பிழைகள். நூற்பாலைத் தொழிலாளி பண்ணையாராவது எந்தக் கணக்கெடுப்பாளரின் பிழை?

"1931 சென்சஸ் வெளிவரட்டும், பார்க்கலாம்" என்றும் ஒரு சவால். எங்கிருந்து வெளிவரும்? இங்கிலாந்து, வேல்ஸின் 1931 தாள்கள் 1942 டிசம்பரில் ஹேஸ் என்ற இடத்தில் தீயில் போயின. 1941இல் போரினால் கணக்கே எடுக்கவில்லை. நூறு ஆண்டு மூடி வைத்திருந்து 2022இல் திறந்த 1921தான் இப்போதைக்குக் கடைசி. 1939இல் எடுத்த பதிவேடு ஒன்று உண்டு, அது வேறு வகை. இதையெல்லாம் அங்கே நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை "எல்லாம் தெரிந்த மருமகள்" வந்திருக்குமோ.

சென்சஸ் பக்கங்களை இணையத்தில் பார்க்கப் பணம் கேட்கிறார்கள் என்பவர்களுக்கு: பல ஊர் நூலகக் கணினிகளில் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்தது.

பண்ணையார் வந்ததைவிட அவர் வந்ததால் யார் போனார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 1881ஆம் ஆண்டுப் பக்கத்தில் சின்ன மாமனாரின் சொந்தத் தாத்தா இருக்கிறார். பத்து வயது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் ஆலை. ஓடும் இயந்திரத்தில் அறுந்த நூலை முடிந்துவிடும் வேலை. படத்தில் அவருக்குக் கீழே "ஜென்டில்மேன் வம்சம்" என்று தங்க எழுத்து.

அவருடைய அம்மா, எங்கள் எள்ளுப்பாட்டி, 1911இல் விதவை. இங்கிலாந்தில் வீட்டார் தங்கள் கையால் நிரப்பிய தாளே நமக்குக் கிடைக்கும் முதல் சென்சஸ் அது. மணமான பெண்களுக்கு அதில் ஒரு கேள்வி: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. விதவைகள் பதில் சொல்ல வேண்டியதில்லை. எள்ளுப்பாட்டி எழுதியிருக்கிறாள். ஒன்பது, ஐந்து, நான்கு. அதிகாரி எவரோ அதன்மேல் கோடு போட்டு அடித்திருக்கிறார், கேட்காததை எழுதினாள் என்று. கோட்டுக்கு அடியில் எண்கள் நன்றாகவே தெரிகின்றன. இதைக் கண்ட அன்று என் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நாலு பேரைப் புதைத்தவளிடம் போய் விதிமுறை பேசியிருக்கிறான் பார்" என்றார். என் மாமியார் அப்படித்தான்.

சுவரில் மாட்டிய படத்தில் எள்ளுப்பாட்டிக்கு ஐந்து பிள்ளைகள். நான்கு பேரைக் காணவில்லை. பண்ணையாரின் பாட்டனார் பூட்டனார்களுக்கு மட்டும் தாராளமாக இடம் இருக்கிறது. அதைத்தான் கேட்டேன். "இது உன் குடும்பம் இல்லையே" என்றார், எல்லோர் முன்னிலையிலும், சிரித்துக்கொண்டே. சிலரும் சிரித்தார்கள். என் பிள்ளைகள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு அந்த நான்கு பேரும் யாராம்?

இனி நம்மவர்களுக்கு. "உன் பூட்டன் பெயர் அந்த வெள்ளைக்காரன் ஏட்டில் இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் அவரையும் எண்ணினார்கள். போல்டன் பையனை எண்ணியது 1881 ஏப்ரல் 3. அதற்குச் சுமார் ஆறு வாரம் முன்பு, பிப்ரவரி 17 அன்று, அதே ராணியின் ஆட்சியில் இந்தியாவிலும் வீடு வீடாக எண்ணினார்கள். தஞ்சைப் பக்கத்து எங்கள் ஊருக்கும் ஒருவர் வந்து பெயர், வயது, சாதி, தொழில் கேட்டு எழுதித்தான் இருப்பார். கூட்டி முடித்ததும் பெயர் எழுதிய தாள்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று, அட்டவணைகள் அச்சாயின. எந்தச் சாதியில் எத்தனை பேர் என்று இன்றும் பார்க்கலாம். என் பூட்டனார் அந்தக் கூட்டுத்தொகையில் ஒன்று. அவருடைய அம்மா பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. எத்தனை பெற்றாள், எத்தனை பறிகொடுத்தாள், எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான். ஆலைத் தொழிலாளிக்கும் பெயர், வீட்டெண், பிறந்த ஊர் எல்லாம் எழுதி நூறு வருடம் பத்திரமாக வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பண்ணையாரைத் தேடிப் போகிறவரிடம் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். வெள்ளைக்காரனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று எழுதியவர்கள் இதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

அந்தப் படம் அடுத்த மாதம் புத்தகமாக அச்சாகிறதாம், உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி. 1871இன் இரண்டு பக்கங்களையும் 1911 தாளையும் சின்ன மாமனாருக்கு நேற்று மறுபடி அனுப்பியிருக்கிறேன். பண்ணையார்தான் வேண்டுமென்றால் அவரே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் கிளையை மட்டும், ஒன்பது பிள்ளைகளோடும், அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடட்டும். பெயர் தெரிந்தவரை நாங்களே எழுதி வைத்துக்கொள்கிறோம்.