விடுதலைப் பத்திரம் எழுதித் தரும் அக்காக்கள்

பெண்களுக்குச் சொத்துரிமை கொடுத்ததில் நாமும் முன்னோடி என்று அடிக்கடி பெருமைப்படுகிறோம். தப்பில்லை, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 2005-ல் டெல்லி இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது, தமிழ்நாடு அதை 1989-லேயே செய்துவிட்டது. அப்போது ஏற்கெனவே கல்யாணமான பெண்களை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

ஆனால் சட்டம் வந்த பிறகு வீட்டுக்குள் என்ன நடந்தது? இதைக் கொஞ்ச காலமாக ஆய்வாளர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மாநிலங்கள் முதலில் கொண்டுவந்த திருத்தங்களை வைத்து சஞ்சாரி ராய் 2015-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதுதான்: பெண்கள் பரம்பரைச் சொத்து பெறுவது கூடவில்லை. அப்பாக்கள் உயிரோடு இருக்கும்போதே நிலத்தைப் பையன்களுக்கு எழுதிவைத்துவிட்டு, பெண்ணுக்குப் பதிலாகப் படிப்போ கூடுதல் வரதட்சிணையோ கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். (கர்நாடகா, மகாராஷ்டிராவை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் பெண்களுக்கு நிலம் கிடைப்பது கூடியிருக்கிறது, ஆனால் பையன்களுக்குச் சமமாக இல்லை.) அடுத்தது இன்னும் மோசம். சஞ்சாரி ராயும் சோனியா பாலோத்ரா, ரேச்சல் புரூலே இருவரும் சேர்ந்து எழுதியதில், முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்த குடும்பங்களில் அடுத்து பெண் பிறக்கும் வாய்ப்பு சட்டத்துக்குப் பிறகு சுமார் 4 சதவிகிதப் புள்ளி குறைந்திருக்கிறது. பங்கு கேட்கப்போகிறவள் பிறக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? படித்துவிட்டு அன்று வேறு வேலை ஓடவில்லை.

பிறந்து, வளர்ந்து, பங்குக்கு உரியவளாகவும் ஆகிவிட்டவளுக்கு நம் ஊரில் வேறு வழி இருக்கிறது. விடுதலைப் பத்திரம், அதாவது என் பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதித் தருவது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். அண்ணன் டோக்கனோடு அலைவார், அக்கா ஓரமாக பெஞ்சில் இருப்பார், பத்திரத்தில் வழக்கமான வரி ஒன்று தயாராக இருக்கும்: கல்யாணத்தின்போது சீர், நகை எல்லாம் பெற்றுக்கொண்டபடியால், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதுடன்... அப்புறம் கைரேகை, போட்டோ, முடிந்தது. நாளைக்கு மாமியார் வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் வந்து நிற்க வேண்டிய வாசல் அண்ணனுடையது, அதனால்தான் பாதிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். பாசமும் உண்டு, பயமும் உண்டு, இரண்டையும் பிரித்து அளக்க எந்தப் பத்திரத்திலும் இடம் இல்லை.

இதற்கு அரசு தரும் சலுகையைப் பாருங்கள். வெளியாளிடம் கிரயம் செய்தால் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%. குடும்பத்துக்குள் விடுதலை என்றால் இரண்டும் 1% தான், அதற்கும் உச்சவரம்பு. 2023-ல் ஏற்றிய பிறகும் முத்திரைத்தீர்வை 40,000, பதிவுக்கட்டணம் 10,000. ஆக, அக்காவின் 50 லட்ச ரூபாய்ப் பங்கு அண்ணனுக்கு மாற 50,000 ரூபாய் போதும். இப்போது 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 1% சலுகை என்று இன்னொரு பக்கம் அறிவித்திருக்கிறார்கள். சரி, நல்லதுதான், ஆனால் இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் வாங்குகிற கதை.

இது ஏழை, நடுத்தர வீட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017-ல் காலமானார், அவருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவர் வள்ளி அருணாச்சலம், அணுப் பொறியியலில் முனைவர். குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில் சுமார் 8% பங்கு மனைவிக்கும் மகள்களுக்கும் முறைப்படி வந்தது. அதன் இயக்குநர் குழுவில் வள்ளி இடம் கேட்டதும் 2020-ல் 91 விழுக்காட்டுக்கு மேல் எதிராக ஓட்டு! வழக்கு தீர்ப்பாயம் வரை போய், 2023-ல் குடும்பத்துக்குள் சமரசமானது. பங்கு வாரிசுச் சட்டப்படி வரும், நாற்காலி ஓட்டுப்படிதான் வரும், ஓட்டு யார் கையில்? நிறுவனச் சட்டமும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியும் பெரிய நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்கின்றன, அது அந்த வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

நம் சட்டக் கல்லூரி ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உச்ச நீதிமன்றத்தின் 2020 வினீதா சர்மா தீர்ப்பைப் பத்தி பத்தியாக விளக்கும் கட்டுரைகள் போதும், மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பதிவுத்துறையிடம் பட்டியல் கேளுங்கள்: ஒரு வருடத்தில் எத்தனை விடுதலைப் பத்திரம், அதில் சகோதரி சகோதரனுக்குக் கொடுத்தது எத்தனை, சகோதரன் சகோதரிக்குக் கொடுத்தது எத்தனை. அரசுக்கும் ஒன்று: விட்டுக்கொடுக்கும் பங்கின் வழிகாட்டி மதிப்பை அந்தப் பெண்ணிடம் தனியாக உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள், முப்பது நாள் கழித்து வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தம்பிக்கே கொடுக்கிறேன் என்றால் தாராளமாகக் கொடுக்கட்டும், நாம் யார் தடுக்க.