டெல்லோ என்பது லகாஷ் அல்ல, கிர்சு

தெற்கு ஈராக்கின் ஷத்ரா ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் டெல்லோ மேட்டைப் பார்த்தால் போதும், அதுதான் சுமேரியர்களின் பழைய லகாஷ் நகரம் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. டெல்லோ இருக்கும் இடம் கிர்சு என்னும் வேறொரு பழைய நகரம். லகாஷ் நகரம் அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, அல்-ஹிபா என்னும் மேட்டில் இருக்கிறது.

குழப்பம் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1877-இல் டெல்லோவைத் தோண்டத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் எர்னெஸ்ட் டி சார்செக்குக்கு, லகாஷ் அரசன் குடேயாவின் சிலைகள் அங்கேதான் கிடைத்தன. அதனால் அதையே லகாஷ் என்று நினைத்தார்கள், பழைய புத்தகங்களும் அப்படியே எழுதின. உண்மையில் கிர்சு, லகாஷ் அரசுக்குள் இருந்த இன்னொரு நகரம். 1950களில் அல்-ஹிபாவில் கிடைத்த கல்வெட்டுகள்தான் விஷயத்தைத் தெளிவாக்கின.

நீங்களே சரிபார்க்கலாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் இரண்டு பெயர்களையும் தேடுங்கள், தனித்தனி மேடுகளாகத் தெரியும். அப்புறம், களிமண்ணில் ஆப்பு வடிவில் பொறித்த பழைய ஆப்பெழுத்துப் பலகைகளின் இணையத் தரவுத்தளமான சிடிஎல்ஐயில் கண்டெடுத்த இடத்தைப் பாருங்கள். கிர்சு என்றால் டெல்லோ, லகாஷ் என்றால் அல்-ஹிபா என்றே பதிந்திருக்கிறார்கள்.

2023-இல் செய்தியில் வந்த, கி.மு. 2700 வாக்கிலான உணவுக்கடையும் அல்-ஹிபாவில் கிடைத்ததுதான். அதைப் பார்க்க ஆசைப்பட்டு டெல்லோவுக்குப் போய் ஏமாந்துவிடாதீர்கள், ஷத்ராவில் வண்டி பேசும்போதே அல்-ஹிபா என்று சொல்லிவிடுங்கள்.