சம்பளப் பணத்துக்கு விசாரணை, கடத்தல் பணத்துக்கு வரவேற்பு

“உங்கள் பரிவர்த்தனை பரிசீலனையில் உள்ளது.” இந்த ஒரு வரியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யார் பரிசீலிக்கிறார்கள், எதைப் பரிசீலிக்கிறார்கள், எப்போது முடியும் என்ற எந்தக் கேள்விக்கும் பதில் கிடையாது. பணம் என் கணக்கிலிருந்து போய்விட்டது; சேர வேண்டிய இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. வேறு நாட்டில் படிக்கும் என் தங்கையின் கல்லூரிக் கட்டணம் அது. கடைசித் தேதி கண்ணெதிரே கடந்து போகிறது. வங்கியோ அந்த வரிக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டேன் என்கிறது.

பேசாமல் இருப்பதற்கு அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989-இல் ஜி7 நாடுகள் தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு வகுத்த நெறிமுறைகளைத்தான் உலகின் பெரும்பாலான நாடுகள் சட்டமாக்கியிருக்கின்றன. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை என்று ஒரு வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பினால், அதைப் பற்றி அந்த வாடிக்கையாளரிடம் வாய் திறக்கக் கூடாது. கடத்தல்காரன் உஷாராகிவிடுவான் என்பது காரணம். நியாயமான காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் விஷயத்தில் கடைசியில் தெரியவந்த காரணம் என்ன? பாஸ்போர்ட் நகலில் ஓர் ஓரம் வெட்டுப்பட்டிருந்ததாம்! இதைச் சொல்வதற்கு என்ன ரகசியக் காப்பு வேண்டியிருக்கிறது? கடத்தல்காரனுக்காக எழுதிய மௌனத்தைத் தங்கள் மெத்தனத்துக்குப் போர்வையாக்கிக் கொள்கிறார்கள்.

அதற்கு முன்பு அவர்கள் கேட்ட கேள்விகளைச் சொல்ல வேண்டும். பணம் வந்த வழி என்ன? என் சம்பளம். சம்பளத்துக்குச் சான்று? மாதம் தவறாமல் அந்தச் சம்பளம் வந்து விழுவது அதே வங்கியில்தான். அவர்கள் கணினியிலேயே, அவர்கள் அச்சடித்துத் தரும் கணக்கு அறிக்கையிலேயே இருக்கிறது. இருந்தாலும் நான் பதிவிறக்கம் செய்து, அவர்களுக்கே திருப்பி அனுப்பி, அவர்களிடமே அது உண்மை என்று நிரூபிக்க வேண்டும். பணம் பெறுபவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? தங்கை. அதற்கும் சான்று வேண்டும். இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் அனுப்பினேன். ஒன்றில் அப்பாவின் பெயர் முழுமையாக இருக்கிறது, மற்றொன்றில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா எந்த மருத்துவமனையில் பிரசவித்தாள் என்பதுவரை ஒரு முன்பின் தெரியாத அலுவலருக்குத் தெரிந்துவிட்டது. பணம் மட்டும் நகரவில்லை.

ஒருவழியாக நகர்ந்தபோதும் முழுத் தொகை போய்ச் சேரவில்லை. எல்லாக் கட்டணமும் என்னுடையது என்று குறிப்பிட்டுத்தான் அனுப்பினேன். ஸ்விஃப்ட் என்பது வங்கிகளுக்கு இடையே செய்தியை மட்டும்தான் சுமக்கிறது, பணத்தை அல்ல. இரண்டு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லையென்றால் நடுவே ஓர் இடைநிலை வங்கி வரும், சில நேரம் இரண்டு வரும். அதில் யாரோ ஒருவர் தன் பங்கைக் கழித்துக்கொண்டார். யார் என்று என் வங்கிக்கும் தெரியாதாம். 200 டாலர் அனுப்பச் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்று உலக வங்கியே கணக்கிட்டிருக்கிறது. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. இடைத்தரகர்கள் ஆளுக்கொரு கை அள்ளுவதை நிறுத்தாமல் அது எப்படி நடக்கும்?

இவ்வளவு கறாரும் எல்லோரிடமும் ஒன்றுபோல் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஹெச்எஸ்பிசி வங்கியின் மெக்சிகோ கிளைகளில் நடந்தது என்ன? போதைப்பொருள் கும்பல்கள் ஒரே நாளில், ஒரே கணக்கில் லட்சக்கணக்கான டாலர்களை ரொக்கமாகக் கட்டினார்கள். கவுன்டர் ஜன்னலின் நீள அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி பெட்டிகள் செய்து கொண்டுவந்தார்கள் என்று 2012 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறையே அறிவித்தது. குறைந்தது 88.1 கோடி டாலர் கடத்தல் பணம் அந்த வங்கியின் வழியாகப் போயிருந்தது. சுமார் 190 கோடி டாலர் கட்டி வங்கி தப்பித்தது; அதற்காக ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு அளவெடுத்துச் செய்த பெட்டியைப் பார்த்த கண்ணுக்குச் சந்தேகம் வரவில்லை. என் தங்கையின் பெயரைப் பார்த்தால் மட்டும் சந்தேகம் வருகிறது!

டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கிக்கு எஸ்டோனியாவில் இருந்த கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ பாய்ந்தது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று 2018-இல் வங்கி அமர்த்திய விசாரணையே சொன்னது. அங்கே வேலை பார்த்த ஒருவர் 2013 டிசம்பரிலேயே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பிரிட்டனில் பதிவான ஒரு நிறுவனம், தான் செயல்படவே இல்லை என்று அங்கே கணக்குக் காட்டிக்கொண்டே எஸ்டோனியாவில் பணத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது என்பதும் அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்று. ஆவணம் இருந்தது, முத்திரை இருந்தது, பதிவு எண் இருந்தது. அதனால் கதவு திறந்தது.

என் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த விதிகள் பணத்தைப் பார்ப்பதில்லை, காகிதத்தைப் பார்க்கின்றன. நேர்மையாகச் சம்பாதித்தவனிடம் வாழ்க்கை தந்த காகிதங்கள்தான் இருக்கும். அவற்றில் எழுத்துப்பிழை இருக்கும், ஓரம் கிழிந்திருக்கும். திருடனோ காகிதம் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்களையும் கணக்காளர்களையும் காசு கொடுத்து அமர்த்திக்கொள்கிறான். அவன் காகிதத்தில் பிழையே இருக்காது. வெளிநாடுகளில் பெயருக்குத் தொடங்கிய நிறுவனங்களின் ரகசியக் கோப்புகளான பனாமா ஆவணங்கள் 2016-இல் கசிந்து வெளிவந்தபோது ஒரே ஒரு சட்ட நிறுவனத்தின் கோப்புகளில் 2,14,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. கேமன் தீவுகளில் உக்லண்ட் ஹவுஸ் என்ற ஒரே கட்டடத்தை 18,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முகவரியாகக் காட்டியதை 2008-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் பதிவு செய்தது. அதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் என் வயிற்றை எரிக்கிறது. நான் வீடு மாறிய பிறகு பழைய முகவரியில் மின் கட்டண ரசீதைக் கொடுத்ததற்கே என் கணக்கை முடக்கப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்று மக்கள் பார்க்கும்படி ஒரு பதிவேடு வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்தது. பொதுமக்கள் யாரும் பார்க்கலாம் என்ற பகுதியை 2022 நவம்பர் 22 அன்று அந்த ஒன்றியத்தின் நீதிமன்றமே ரத்து செய்தது. காரணம், உரிமையாளர்களின் தனியுரிமையாம். 2025 மார்ச்சில் அமெரிக்காவும் தன் உள்நாட்டு நிறுவனங்கள் உரிமையாளர் விவரத்தை அரசிடம் தர வேண்டியதில்லை என்று விலக்கு அளித்துவிட்டது.

எனக்கு இல்லையா தனியுரிமை? என் சம்பளம், என் வாடகை, என் அம்மாவின் பிரசவம், என் தங்கையின் படிப்பு எல்லாவற்றையும் விரித்துப் போட்டுப் பார்த்தீர்கள். பணத்தை நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று குறித்த கெடுவுக்குள் எழுத்தில் சொல்லுங்கள். சொல்ல முடியாத சந்தேகம் என்றால் ஒரு நீதிபதியிடமாவது சொல்லுங்கள். உங்கள் தாமதத்தால் விழுந்த அபராதத்தை நீங்களே கட்டுங்கள். அந்தத் தீவுக் கம்பெனிகளின் உரிமையாளர்களையும் இதே பிறப்புச் சான்றிதழோடு, இதே மின் கட்டண ரசீதோடு உங்கள் கவுன்டருக்கு முன்னால் நிற்க வையுங்கள்.