பூரிக்கு ஒரு பூ

(ஞாயிற்றுக்கிழமை காலை. மகன் அடுப்படியில். லேப்டாப் திறந்திருக்கிறது, அதன்மேல் காலிபிளவர் தண்டு. அம்மா மோப்பம் பிடித்தபடி வருகிறார்.)

அம்மா: என்னடா வாடை இது? கேஸ் கசிகிறதா?

மகன்: காலிபிளவர் வேகிறதும்மா. அரை மணி நேரமாக.

அம்மா: அதான்! இத்தனை நேரம் கொதித்தால் கந்தக வாடை வராமல் மல்லிகை வாசமா வரும்? யாருக்கு இது?

மகன்: உனக்குத்தான். சர்க்கரை டெஸ்டில் ஹெச்பிஏ1சி 8.1, ரொம்ப அதிகம். இனிமேல் பூரிக்கு உருளைக்கிழங்கு கிடையாது. இந்த மசியல்தான்.

அம்மா: டெஸ்டுக்கு முந்தின நாள் முழுக்கக் கஞ்சிதானேடா குடித்தேன்?

மகன்: அது மூன்று மாதக் கணக்கைச் சொல்கிற டெஸ்ட்.

அம்மா: அடப்பாவி, தீபாவளியும் சேர்ந்து மாட்டிக்கொண்டதா!

மகன்: வெந்த உருளை 100 கிராமில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. காலிபிளவரில் 5 கிராம்தான்.

அம்மா: மீதி?

மகன்: பெரும்பாலும் தண்ணீர்.

அம்மா: அப்போ காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கி, அதைத் தண்ணீரிலேயே போட்டு வேகவைத்திருக்கிறாய். சரி, முதலில் உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஊறவைத்தாயா?

மகன்: எதற்கு?

அம்மா: பூவுக்குள்ளே பச்சைப் புழு இருக்கும்.

மகன்: (மெதுவாக) கறிவேப்பிலை மாதிரி ஒன்று மிதந்தது. இன்னும் தாளிக்கவே இல்லையே என்றுதான் யோசித்தேன்.

அம்மா: அதைக் கொண்டுபோய்க் கொட்டு. அந்த இன்னொரு பூவை எடு.

(இந்தமுறை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, இட்லித் தட்டில் வைத்து, பத்தே நிமிஷம் ஆவி. மகன் மத்தால் கடைகிறான்.)

மகன்: அம்மா, என்ன இது, ரசம் மாதிரி ஓடுகிறது?

அம்மா: ஓடாமல் என்ன செய்யும்? கிழங்கில் இருக்கிற மாவுதான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த மாவு வேண்டாம் என்றுதானே இதை வாங்கினாய்? மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டிப் பிழி.

(பிழிகிறான். முக்கால் டம்ளர் தண்ணீர் வடிகிறது.)

அம்மா: பார்த்தாயா, இப்போதுதான் கெட்டியாக... டேய், துணியில் என்னடா ஜரிகை?

மகன்: கொடியில் கிடந்ததும்மா.

அம்மா: அப்பா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற வேட்டிடா அது! பத்தரைக்கு முகூர்த்தம்!

மகன்: மஞ்சள்தானே ஒட்டியிருக்கிறது? மங்களகரம்.

அம்மா: அதை அவரிடமே சொல்லு. நகர், நான் தாளிக்கிறேன்.

(கடுகு, கடலைப்பருப்பு, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம். மசியலைக் கொட்டிக் கிளறுகிறார். மகன் ஒரு கரண்டி எடுத்து வாயில் போடுகிறான்.)

மகன்: அம்மா! அசல் கிழங்கு மாதிரியே இருக்கிறது!

அம்மா: இத்தனையும் தாளித்துப் போட்டால் கோலமாவுகூடக் கிழங்கு மாதிரித்தான் இருக்கும். ஆனால் மோசமில்லை. எனக்கு ஐந்து பூரி வை.

மகன்: ஐந்தா? எப்போதும் மூன்றுதானே?

அம்மா: கிழங்கில் மிச்சம் பிடித்தோமே, அந்தக் கணக்கில் இரண்டு.

மகன்: அம்மா, பூரி மாவிலும் முக்கால்வாசி மாவுச்சத்துதான்! ஒரு பூரி. மசியலை நிறைய வைத்துக்கொள்.

அம்மா: ஒரு பூரியா? விருந்தாளிக்குக்கூட... இரு, அது என்ன சத்தம்?

(பின்னடுப்பில் குக்கர் விசில் அடிக்கிறது.)

மகன்: அது ஒன்றுமில்லை. சும்மா.

அம்மா: சும்மா எந்தக் குக்கரும் கத்தாது. உள்ளே என்ன?

மகன்: நாலே நாலு உருளைக்கிழங்கு. எனக்கு. எனக்குத்தான் சர்க்கரை இல்லையே.

அம்மா: உன் வயதில் எனக்கும் இல்லை. ஆவி அடங்கியதும் அதை இப்படிக் கொடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.