ஏழாம் மாதத்துக்குப் பிறகும் இதே வீட்டில்

எங்கள் இரண்டாவது குழந்தை பிறக்க இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. "இன்னுமா அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை?" என்று இந்த இரண்டு மாதங்களில் கேட்காத உறவினர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லி வந்த பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் இரு குடும்பங்களிலும் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, கை நிறையக் கண்ணாடி வளையலும் வேப்பிலைக் காப்பும் போட்டு, வந்தவர்களுக்கு ஐந்து வகைச் சாதம் பரிமாறி, அன்று மாலையே மனைவியைப் புதுக்கோட்டைக்கு அழைத்துச் சென்றார்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதும் நான், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் இரவுப் பேருந்து பிடித்துப் போவேன். மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்குரிய உபசாரத்தைப் பெற்றுக்கொண்டு ஞாயிறு இரவு திரும்பிவிடுவேன். மற்ற நாள்களில் தொலைபேசியில் "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்பேன். "சாப்பிட்டேங்க" என்று பதில் வரும். என் பங்கு அத்துடன் முடிந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

மகள் பிறந்து பல மாதங்கள் கழித்துத்தான், இரும்புச்சத்து மாத்திரை குமட்டியதால் அவள் வாரக்கணக்கில் அதைச் சாப்பிடாமல் இருந்ததும், எட்டாம் மாதத்தில் ரத்தத்தின் ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே இறங்கி ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றியதும் எனக்குத் தெரிய வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்கு அங்கே வேலை நெருக்கடி, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்" என்றாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, அவள் இயல்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் இரண்டாவது குழந்தை உறுதியான நாளில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வார்த்தைதான்.

தாய்வீட்டு வழக்கத்தை நான் பழிக்கவில்லை. புகுந்த வீட்டில் எல்லோருக்கும் முன்பு எழுந்து எல்லோருக்கும் பின்பு சாப்பிட்ட பெண்ணுக்கு, வயிறு கனத்த நாள்களில் கேள்வியின்றிப் படுக்க முடிந்த ஒரே இடமாக அம்மாவின் வீடு இருந்திருக்கிறது. அந்த வகையில் அது பெண்களைக் காத்த வழக்கம். எனக்கு உறுத்துவது வேறு. அம்மா வீட்டுக்குப் போனால்தான் அவளுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நாமே சொல்கிறோம் என்றால், அவள் ஆண்டு முழுவதும் வாழும் நம் வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்று ஏன் யாரும் கேட்பதில்லை? மனைவியை அனுப்பிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் கணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் இல்லாமல் போகிறது.

ஆகவே இந்த முறை இங்கேயே இருப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். மகள் எல்கேஜி படிப்பதும் ஒரு காரணம். மாமனார் வருத்தத்தோடு அழைத்து, "மாப்பிள்ளை, போன தடவை நாங்கள் ஏதாவது குறை வைத்துவிட்டோமா?" என்று கேட்டார். "உங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை மாமா, குறை வைத்தது நான்தான்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒன்பதாம் மாதத்தில் அத்தையை அனுப்பி வைப்பதாகச் சொன்னார்.

இந்த ஏழெட்டு மாதங்களில் நான் புரிந்துகொண்டது, கர்ப்பகாலத்தை மருத்துவமனைக்குப் போகும் சில நாள்களாக எண்ணியிருந்த என் கணக்கு தவறு என்பதைத்தான். அது அன்றாடம் வீட்டுக்குள் நடக்கும் வேலை. மசக்கை கடுமையாக இருந்த மூன்றாம் மாதத்தில் கடுகு தாளிக்கும் வாசனையே அவளுக்கு ஆகவில்லை. அன்று முதல் காலைச் சமையலை நான் ஏற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் சில நாள்களுக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். அதுவும் எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. முதல் முறை அவள் ஊருக்குப் போகும் வரையில் அந்தக் குடங்களையெல்லாம் தூக்கி வைத்தது யார் என்று இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் சாப்பிடக் கூடாது, தேநீரோடு சாப்பிட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னபோது அருகில் இருந்ததால், வீட்டில் தேநீர் நேரத்தையே மாற்றினோம். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று இந்த முறையும் அவள் சொன்னாள். இரவு உணவுக்குப் பிறகு எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டுப் பார்த்தோம், அது ஒத்துக்கொண்டது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. நாளொன்றுக்கு ஒன்று வீதம் 180 மாத்திரைகளை அரசு இலவசமாகவே தருகிறது. மாத்திரை வீடு வரை வந்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் டப்பாவுக்கும் அவள் வயிற்றுக்கும் இடையில்தான் நம்மைப் போன்ற கணவர்கள் காணாமல் போகிறோம்.

ஆறாம் மாதத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனோம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும்; அளவு 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரமும் வாந்தியை அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த பெண்களின் கூட்டத்தில் ஆண்கள் என்று பார்த்தால் நானும் இன்னொருவரும்தான். மற்ற வீடுகளில் அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. அரைநாள் விடுப்பு எடுத்தால் அரைநாள் கூலி போய்விடும் வீடுகள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

இங்கேதான் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, வேலைக்குப் போகும் தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கும் 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு என்று ஆனது. மிக நல்ல சட்டம். மத்திய அரசில் பணியாற்றும் தந்தைக்கு 15 நாள்கள் உண்டு. ஆனால் தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் தந்தைக்கு ஒரு நாள் விடுப்பையாவது கட்டாயமாக்கும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. மனைவியின் பிரசவத்துக்காக விடுப்புக் கேட்ட காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், தந்தையருக்கான விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டிய தேவையை 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எடுத்துச் சொன்னது. தாய்க்கு மட்டும் விடுப்புத் தரும் சட்டம், குழந்தை தாயின் பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பெண்களை வேலைக்கு எடுக்கவே சில முதலாளிகள் தயங்குவதற்கும் இந்த ஒருபக்கச் சுமை ஒரு காரணம் என்பது, கணக்குப் பிரிவில் உட்கார்ந்து சம்பளப் பட்டியல் போடும் எனக்குத் தெரியும்.

"முதலில் பெண், இந்த முறை பையன்தானே?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து அதை என் மகள் இருக்கும்போது கேட்காதீர்கள். போன வாரம் ஒரு பெரியவர் கேட்டுவிட்டுப் போன பிறகு, "பாப்பா வந்ததும் நான் வேண்டாமா அப்பா?" என்று கேட்டவளை மடியிலிருந்து இறக்கிவிட எனக்கு அன்று இரவு முழுவதும் மனம் வரவில்லை.

இப்போது மனைவிக்குக் கெண்டைக்கால் பிடிப்பினால் இரவில் இரண்டு மூன்று முறை விழிப்பு வருகிறது. எழுந்து காலை நீவிவிடுகிறேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முதுகுக்குத் தலையணை வைக்கிறேன். பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி என் அம்மா மடித்து வைத்திருக்கிறார். தாய்சேய் நல அட்டை, கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் எழுதிய தாள், ஆதார் நகல், அவளுடைய ரத்த வகையைச் சேர்ந்த இருவரின் தொலைபேசி எண்கள் எல்லாம் ஒரே பையில் கதவோரம் தொங்குகின்றன. சேர்த்து வைத்த விடுப்பில் பன்னிரண்டு நாள்களுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மாத முடிவுக் கணக்கோடு மோதாமல் இருந்தால் பார்க்கலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். குழந்தை மாத முடிவில் பிறந்தாலும் அந்த நாள்களில் நான் வீட்டில்தான் இருப்பேன் என்பதை நாளை அவரிடம் நேரில் சொல்லப் போகிறேன்.