பச்சைக் கோட்டுக்கும் ரூட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?

நம்ம பெங்களூர் அல்சூர் தம்பி போட்ட பதிவையும் அதுக்குக் கீழே நடந்த கும்மியையும் எல்லாரும் பார்த்திருப்பீங்க. பதினோரு மாசப் போன். டிஸ்பிளேயில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டர் கவுண்டரில் ஆன் பண்ணினதும் 'பூட்லோடர் (போனை எழுப்புற முதல் புரோகிராம்) அன்லாக் ஆகியிருக்கு'ன்னு எச்சரிக்கைத் திரை வந்திருக்கு. அவ்வளவுதான், பின்மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்கலை. ரூட் பண்ணியிருக்கீங்க (அதாவது போன் சாஃப்ட்வேரோட முழு உரிமையையும் கையில் எடுத்திருக்கீங்க), வாரண்டி கிடையாது, டிஸ்பிளேக்குக் காசு கட்டுங்க. சென்டர்காரர் சொன்னதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. 'ரூட் பண்ணும்போது இனிச்சுதா ராசா'ன்னு வந்து சிரிச்ச நம்ம ஆட்களைத்தான் ஜீரணிக்க முடியலை.

கோடு ரூட்டால் வரலை. வர வழியே இல்லை.

அமோலெட் பேனலோட ஓரத்தில் மெல்லிய ஃப்ளெக்ஸ் (வளையுற கேபிள்) ஒண்ணு ஒட்டியிருக்கும். டிரைவர் ஐசி (டிஸ்பிளேயை இயக்குற சிப்) அனுப்புற சிக்னல் அந்த இணைப்பு வழியாத்தான் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் போகணும். சூட்டிலயோ அழுத்தத்திலயோ அந்த ஒட்டு எங்கேயாவது விட்டுப்போச்சுன்னா, அந்த வரிசை பிக்சல் மட்டும் சொன்ன பேச்சு கேட்காம ஒரே நிறத்தில் எரியும். அதுதான் கோடு. ரூட்ங்கிறது பூட் இமேஜில், அதாவது போன் எழும்போது ஏறுற சாஃப்ட்வேர் கோப்பில், பண்ற மாற்றம். ரூட் பண்ற மேஜிஸ்க் ஆப் போய் ஃப்ளெக்ஸைப் பிய்ச்சுப் போடாது.

நம்பலைன்னா ரெண்டு சோதனை, ரெண்டு நிமிஷம். கோடு தெரியும்போதே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற போனுக்கு அனுப்பிப் பாருங்க. அதில் கோடு இருக்காது, ஏன்னா சாஃப்ட்வேர் வரைஞ்ச படம் சுத்தமா இருக்கு, காட்டுற பேனல்தான் கெட்டிருக்கு. அடுத்து போனை ஆஃப் பண்ணி ஃபாஸ்ட்பூட் மோடுக்குப் போங்க. பெரும்பாலான போன்ல பவரும் வால்யூம் டவுனும் சேர்த்து அழுத்தணும். அங்கே ஆண்ட்ராய்டே இன்னும் எழுந்திருக்கலை, ரூட்டும் எழுந்திருக்கலை. ஆனா கோடு அங்கேயும் நிக்கும். இதைவிட என்ன சாட்சி வேணும்?

கம்பெனியே அனுப்பின அப்டேட்டைப் போட்ட மறுநாள் கோடு வந்தா அது 'தற்செயல், சார்'. ரூட் பண்ணி எட்டு மாசம் கழிச்சு வந்தா அது ரூட்டோட வேலை. நல்ல நியாயம்.

'ரூட் பண்ணி ஓவர்க்ளாக் பண்ணினா (பிராசஸரை அளவுக்கு மேல வேகமா ஓட்டினா) போர்டு போகாதா?'ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். போகலாம். வெப்பக் கட்டுப்பாட்டை நிறுத்திட்டு மணிக்கணக்கா கேம் ஆடினா, சார்ஜிங் கரண்ட்டை இஷ்டத்துக்கு ஏத்தினா, ஸ்பீக்கர் கெய்னைக் கூட்டி காயிலைக் கருக்கினா, அதுக்கு வாரண்டி கேட்கிறது தப்பு. நானே சொல்றேன், கொடுக்காதீங்க. ஆனா அந்தத் தம்பி ரூட் பண்ணினது எதுக்கு? சார்ஜ் 80 சதவீதத்தில் தானா நிக்கணும், பேட்டரி நாலு வருஷம் உழைக்கணும்னுதான். போனைப் பத்திரமா வச்சுக்க நினைச்சவனுக்குத் தண்டனை.

'வாரண்டி கார்டில் எழுதியிருக்கே'ன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு அந்தக் கார்டைப் படிங்க. சில கம்பெனி சாஃப்ட்வேரை மாத்தினாலே வாரண்டி போச்சுன்னு எழுதும். சில கம்பெனி மாத்தினதால் வந்த பழுதுக்கு மட்டும் பொறுப்பில்லைன்னு எழுதும். ரெண்டும் ஒண்ணு இல்லை. முதல் மாதிரி எழுதியிருந்தாலும் கண்டிஷன் நியாயமான்னு கேட்க வழி இருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நியாயமற்ற ஒப்பந்தம்னு ஒண்ணைத் தனியாவே சொல்லுது. ஜெயிச்சே தீருவோம்னு நான் சொல்ல வரலை. கேட்கிறதே பாவம்ங்கிற மாதிரி பேசாதீங்கன்னுதான் சொல்றேன்.

அடுத்த அறிவுரை, 'அன்ரூட் பண்ணிக் கொடுத்திருக்கலாமே'. சொல்றது சுலபம். மேஜிஸ்க்கில் இமேஜை ரீஸ்டோர் பண்ணினா ரூட் போகும், பூட்லோடர் திறந்தேதான் இருக்கும், எச்சரிக்கைத் திரையும் வரும். பூட்லோடரைப் பூட்டினா டேட்டா மொத்தமும் அழியும். அதுக்கு முன்னாடி அதே மாடல், அதே ஏரியாவுக்கான ஸ்டாக் ஃபர்ம்வேர் (கம்பெனியோட ஒரிஜினல் சாஃப்ட்வேர்) முழுசா ஏறியிருக்கணும். ஒரு பார்ட்டிஷன் மாறியிருந்தாலும் பூட்டினதும் போன் எழுந்திருக்காது. செட்டிங்ஸில் ஓஇஎம் அன்லாக்கையும் (பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கிற ஸ்விட்ச்) அணைச்சிருந்தா திரும்பத் திறக்கவும் முடியாது. கோடு விழுந்த போனைக் கொடுக்கப் போய்ச் செங்கல்லைக் கொடுக்கணும். பூட் இமேஜை மட்டும் மாத்துறதா இருந்தாலும் பில்டு நம்பர் ஒத்துப்போகணும், இல்லைன்னா வைஃபை செத்துடலாம். ஆண்ட்ராய்டு 13-ஓட வெளிவந்த போன்களில் பெரும்பாலும் மாத்த வேண்டியது பூட் இல்லை, இனிட் பூட்ங்கிற வேற பார்ட்டிஷன். சாம்சங்னா எதுவுமே வேலைக்கு ஆகாது. நாக்ஸ் ஃப்யூஸ் (வெளி சாஃப்ட்வேர் ஏறினதைப் பதிவு பண்ற உள்குறி) ஒருதடவை எரிஞ்சா எரிஞ்சதுதான், என்ன ஃப்ளாஷ் பண்ணினாலும் 1 திரும்ப 0 ஆகாது.

அதோட, எதுக்கு மறைக்கணும்? திருட்டுப் போனா அது? காசு கொடுத்து வாங்கின பொருள். பேனல் கெட்டதுக்குத் தம்பி ஏன் குற்றவாளி மாதிரி தடயத்தை அழிச்சுட்டுப் போகணும்?

இதுதான் எனக்கு வலிக்குது. கீழே சிரிச்சதில் ரெண்டு பேர் போன வருஷம் அப்டேட் நின்னுபோன பழைய போனை இதே தம்பிகிட்ட கொடுத்து கஸ்டம் ராம் (கம்பெனி இல்லாம வெளியாட்கள் பண்ணின ஆண்ட்ராய்டு) போட்டு வாங்கிட்டுப் போனவங்க. ஒருத்தரோட அம்மா ஸ்ரீராம்புரத்தில் தையல் கடையில் இன்னிக்கும் அந்தப் போனில்தான் அளவு படம் அனுப்புறாங்க. அன்னிக்கு ரூட் இனிச்சுது. டீக்காசுகூட வாங்காம பண்ணிக்கொடுத்தான் அவன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டில் கேட்டிருந்தா சும்மா பண்ணிக் கொடுத்திருப்பாங்களா? பேர் சொல்லலை. அவங்களுக்கே தெரியும்.

கவுண்டரில் நிக்கிற பையனையும் திட்டாதீங்க. அவன் சம்பளத்துக்கு இருக்கான், எச்சரிக்கைத் திரை வந்தா என்ன சொல்லணும்னு மேலேருந்து சொல்லிக் கொடுத்ததைச் சொல்றான். வாயால் சொல்றதை நம்பி நாம திரும்பி வர்றதுதான் பிரச்சினை.

தம்பி, திங்கக்கிழமை திரும்பப் போ. போறதுக்கு முன்னாடி இன்னொரு போனில் ஒரே வீடியோவா எடு, வெட்டாதே. *#06# அடிச்சு ஐஎம்இஐ (போனோட அடையாள எண்) தெரியணும், அப்புறம் ஸ்க்ரீன்ஷாட் சோதனை, அப்புறம் ஃபாஸ்ட்பூட்டில் கோடு. நாலு பக்க ஓரத்தையும் காட்டு, அடி விழலைன்னு தெரியட்டும். சிம் ட்ரே ஊசியைக் கையோட கொண்டு போ. பல மாடல்களில் அந்தக் குழிக்குள்ளே ஈரம் காட்டுற ஸ்டிக்கர் இருக்கும், வெள்ளையா இருக்கிறதை அவங்க கண் முன்னாடியே படம் எடு. நாளைக்குத் தண்ணி பட்டிருக்குன்னு கதை மாறக்கூடாது. வாரண்டி மறுத்தா ஜாப் ஷீட்டில் (சர்வீஸுக்குத் தர்ற சீட்டில்) காரணத்தை எழுதித் தரச் சொல்லு. 'ரூட்'னு மட்டும் எழுதினா, ரூட்டால் பேனல் எப்படிக் கெட்டதுன்னு ஒரு வரி கேளு. எழுத மாட்டேன்னா அங்கேயே நின்னு கம்பெனிக்கு மெயில் போடு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சுப் புகார் எண் வாங்கு. அதுக்கும் மசியலைன்னா பெங்களூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போடலாம், அஞ்சு லட்சத்துக்குள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷம் டைம் இருக்கு.

பில்லை லேமினேட் பண்ணிடாதே, ஜெராக்ஸ் எடுத்து வை. கடை பில் எழுத்து நாளாக ஆக மங்கிடும்.